கண்ணால் பார்த்தது மட்டும்

டிரைவரம்மாவுக்குக் கோபம் வரக் காரணம் தேட வேண்டியதில்லை. அது மூக்குக்கு மேலேயே குடியிருந்தது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பள்ளி வேனை வீட்டு வாசலில் நிறுத்தி மூன்று தடவை ஹாரன் அடித்தும் தம்பி இறங்கி வரவில்லை. நாலாவது தடவை அடித்தபோது எதிர் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. எட்டிப் பார்த்தவர் இவள் முகத்தைக் கண்டதும் சத்தம் காட்டாமல் சாத்திக்கொண்டார்.

ஒருவழியாகத் தம்பி வந்தான். முப்பத்திநாலு வயது. முகத்தில் நாலு நாள் தாடி, வலது கை பேன்ட் பைக்குள். அந்தக் கை இரண்டு வருடமாகப் பைக்குள்தான் இருக்கிறது. அதில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிச்சம். மற்ற மூன்றையும் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற மெஷின் தின்றுவிட்டது.

நான் எதற்கு, எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கவில்லை என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனை, "ஏறுடா" என்ற ஒரே சொல்லில் ஏற்றினாள். வீட்டுக்குள்ளேயே கிடந்து இவன் சுவரோடு சுவராகிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். பயத்தைப் பயமாகக் காட்டத் தெரியாத ஜென்மம் அவள். அது திட்டாகத்தான் வெளியே வரும்.

வார நாட்களில் அந்த வேனில் பிள்ளைகள் போவார்கள். மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ஃபிலிம் கிளப் போகும். குட்டி சீட்டுகளில் முழங்கால் தாடையில் இடிக்கப் பதினோரு பெரியவர்கள். கிளப்பை ஆரம்பித்தவர் எக்ஸ்ரே சார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். கிளப்புக்கு இரண்டே சட்டம், இரண்டும் அவர் போட்டவை. ஒன்று, என்ன படம் என்று யாரும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. டிக்கெட்டை அவரே வாங்குவார், நிகழ்ச்சித் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தெரிந்துகொண்டு போனால் கண் தேடிப் போனதைத்தான் பார்க்குமாம். இரண்டாவது சட்டம், படம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று, கண்ணால் பார்த்தது மட்டும் சொல்ல வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை, மனசு கனத்துவிட்டது என்பதெல்லாம் இரண்டாவது சுற்றில். எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று முதலில் சொல், நோயாளி பாவமா இல்லையா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பார். முதல் சுற்றில் யாராவது 'எனக்கு என்ன தோணுதுன்னா' என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். மந்திரி வந்தாலும் அதே கைதான்.

டிரைவரம்மாவை இந்தக் கிளப்பில் சேர்த்துவிட்டவர் மேனேஜர். தம்பி வேலை பார்த்த அதே ரொட்டித் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு அவர் பொறுப்பு. ஆளைச் சேர்ப்பது, ஆளை நிறுத்துவது, விபத்து நடந்தால் அறிக்கை எழுதுவது எல்லாம் அவர்தான். தம்பிக்கு அடிபட்ட மறுநாள் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவரும் அவர்தான். வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். வட்டமான கம்பி மூடி ஒன்று, விளிம்பில் இரண்டு கீல், தரையில் கிடந்தது. இந்த மூடி மெஷின்மேல் இருக்கிறவரை ஆபத்தில்லை, திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், சீக்கிரம் மாவு கொட்ட வேண்டும் என்று பையன் அவனே கழற்றிப் போட்டிருக்கிறான், அவசரப்பட்டுவிட்டான், நல்ல பையன் என்று கண் கலங்கச் சொன்னார். தேன் ஒழுகப் பேசுகிற வாய் அவருக்கு.

அவள் நம்பினாள். தம்பியின் அவசரம் அவளுக்குத் தெரியாததா? அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து வளர்த்தவள் அவள். சைக்கிளில் பிரேக் கட்டை உரசுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு இறக்கத்தில் விட்டுப் பார்த்தவன் அவன். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மூடியை நான் கழற்றவில்லை என்று முதல் இரண்டு நாள் அவனும் சொல்லிப் பார்த்தான். செய்வதையும் செய்துவிட்டுப் பொய் வேறா என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி தன்னிச்சையாக அகற்றியதால் விபத்து நேர்ந்தது என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி. அந்த வரியோடு வேலையிலிருந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று இடத்தில் வேலை கேட்டுப் போனான். மூன்று இடத்திலும் விரலைப் பார்த்துப் பாவம் என்றார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது என்றார்கள், பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டார்கள். அங்கிருந்து அதே வரி வந்தது. விரல் இல்லாதவனுக்கு வேலை கொடுக்க ஆள் இருந்தது, சொன்ன பேச்சு கேட்காதவன் என்று பெயர் வாங்கியவனுக்குக் கொடுக்க ஆள் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். அவன் கை நழுவி ஒரு தட்டு விழுந்தால் போதும், கழற்றும்போது யோசித்திருக்க வேண்டும் என்பாள் டிரைவரம்மா. ஒரு தடவை இல்லை, இரண்டு வருடமாக.

மேனேஜர்மேல் அவளுக்கு நன்றி இருந்தது. அவனுக்கு வேலை போனாலும் அவர் மரியாதையை விடவில்லை என்று நினைத்தாள். சாயங்காலங்களில் வீட்டிலேயே கிடக்காதீர்கள், நாலு பேரோடு பழகுங்கள் என்று அவர்தான் கிளப்புக்குக் கூட்டிவந்தார். அன்றைக்கும் வேனில் ஏறியதும், "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று முன் சீட்டிலிருந்த தம்பியின் தோளில் தட்டினார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மனுஷர் கேட்கிறார், முகத்தையாவது காட்டக் கூடாதா என்று அவள் பக்கத்தில் திரும்பி முறைத்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவரோடுதான் ஒரு வருடமாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது யார் சொல்வது?

நூலகத்தின் மூன்றாவது மாடி ஹாலில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆறு ஆவணப் படங்கள், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டிரைவரம்மாவுக்கு இடது பக்கம் மேனேஜர், வலது பக்கம் தம்பி. முதல் படம், தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கிற ஒரு ஆபீஸைப் பற்றி. ஒற்றைச் செருப்புகளே முந்நூறு இருந்தன. இரண்டாவதில் ஒரு நத்தை சுவரில் ஏறிக்கொண்டே இருந்தது. கிளப்பில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் நத்தைக்கு முன்பே தூக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவதில் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டிரைவரம்மா அதை ரசித்தாள்.

நாலாவது படத்தில் பேச்சே இல்லை. ஒரு பெரிய கூடம், உயரத்தில் ஜன்னல், காலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்து அதில் மாவு பறந்தது. ரொட்டித் தொழிற்சாலை. இந்தப் படத்துக்கா இவனைக் கூட்டிவந்தோம் என்று பக்கத்தில் பார்த்தாள். தம்பி சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அந்தக் கூடத்தைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் நின்ற மெஷின் ஒன்றையே பார்த்தான்.

கேமரா சுவர்ப்பக்கம் போனது. அங்கே ஏப்ரன்களும் தொப்பிகளும் கொத்தாகத் தொங்கின. வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள். படம் எடுத்தவருக்கு அது பிடித்துப்போய்விட்டது போல, அங்கேயே நின்று பார்த்தது கேமரா. அப்போது நடு ஹாலில் கிளப் ஆட்கள் சிரித்துக் கை தட்டினார்கள். திரையில் மேனேஜர். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்து, கொத்திலிருந்து ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நம் ஆள் நடிகராகிவிட்டாரே என்று தையல்காரம்மா பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினாள். மேனேஜரும் சிரித்தார். தன் முகத்தைத் திரையில் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரிப்பு அரை நொடிதான் இருந்தது.

கடைசி ஏப்ரனையும் ஒருவர் எடுத்துவிட்டார். ஏப்ரன்கள் எதில் தொங்கின என்பது இப்போது தெரிந்தது. வட்டமான கம்பி மூடி. விளிம்பில் இரண்டு கீல். ஆணியில் மாட்டி, மாவு படிந்து, கம்பிக்குக் கம்பி வெள்ளைப் பொருக்கு ஏறிப்போய்த் தொங்கியது. ஒரு நாள், ஒரு மாதத்தில் ஏறுகிற பொருக்கு இல்லை அது. கடைசி ஏப்ரன்காரரோடு கேமரா நடந்தது. வழுக்கைத் தலை ஆள். பச்சை மெஷினுக்குப் போனார். வாய் பிளந்து கிடந்தது மெஷின், உள்ளே இரும்புக் கை சுற்றிக்கொண்டிருந்தது, அந்த ஆள் ஓடுகிற மெஷினுக்குள் முழங்கைவரை கையை விட்டு மாவை ஒதுக்கினார்.

டிரைவரம்மாவின் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. போட்டோவில் தரையில் கிடந்த அதே மூடி. படத்தின் முடிவில் மூன்று வருடத்துக்கு முந்தைய அக்டோபர் மாதம் என்று எழுத்து வந்தது. தம்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த ஜனவரியில். இவன் காலடி படுவதற்கு முன்பே அந்த மூடி சட்டை மாட்டுகிற ஆணியாகிவிட்டிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறாள். அது தன் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது தெரியாமல் போயிற்று. இடது பக்கம் திரும்பினாள். மேனேஜர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது படம் முடிகிறவரை கட்டினார்.

பக்கத்து அறையில் டீயும் பிஸ்கட்டும் வைத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ரொட்டிப் படத்தை எடுத்த பெண் ஹாலில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எக்ஸ்ரே சார் அவளையும் அழைத்து வந்து உட்காரவைத்தார். ஒட்ட வெட்டிய முடி, தோளில் பெரிய பை, பாராட்டைக் கேட்கத் தயாரான முகம். மேனேஜர் ஒரு அவசர வேலை என்று கதவுப்பக்கம் நகர்ந்தார். படத்தில் வந்தவரே போனால் எப்படி என்று தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடுதான் பிடித்தாள்.

முதல் சுற்று ஆரம்பித்தது. நத்தை பாதிச் சுவரில் நின்றதைப் பார்த்தேன் என்றார் மருந்துக்கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டே பார்த்தார் என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் ஒற்றைச் செருப்பைச் சொன்னார்கள். தையல்காரம்மாவின் முறை வந்தது.

"ரொட்டிப் படத்துல ஏப்ரன் மாட்டியிருந்தாங்கல்ல, அது ஒரு வட்டக் கம்பி வலை. ஓரத்துல ரெண்டு கீல் இருந்துச்சு. எதுலயோ இருந்து கழட்டினது போல" என்றாள்.

"போல வேண்டாம்மா" என்று எக்ஸ்ரே சார் கையைத் தூக்கினார்.

"சரி சார். ரெண்டு கீல் இருந்துச்சு. அவ்வளவுதான்."

அடுத்தது மேனேஜர். ஜன்னல் வெளிச்சத்தில் மாவு பறந்தது, மிக அழகு என்றார். அழகை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் எக்ஸ்ரே சார். மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டிரைவரம்மா கடித்த பிஸ்கட்டைத் திரும்பச் சாசரில் வைத்தாள். தொப்பியை எடுத்தவன் கண்ணில் தொப்பி தொங்கிய இடம் படவில்லையாம், காற்றில் பறந்த மாவு பட்டதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். பூசணிக்காயைத் திரை முழுக்கக் காட்டிய பிறகும் மறைக்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

தம்பியின் முறை வந்தது. புதியவர், விருப்பமிருந்தால் சொல்லலாம் என்றார் எக்ஸ்ரே சார். தம்பி தலையை ஆட்டி வேண்டாம் என்றான். கை பைக்குள்ளேயே இருந்தது.

டிரைவரம்மா கப்பைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு மூடியைப் பார்த்தேன். மாவு மெஷின்மேல இருக்க வேண்டிய மூடி."

எக்ஸ்ரே சாரின் கை பழக்க தோஷத்தில் பாதி மேலே வந்தது.

"கையைக் கீழ போடுங்க சார். பார்த்ததைத்தான் சொல்றேன். மூடி ஆணியில தொங்குச்சு. மெஷின் திறந்தே ஓடுச்சு. மேனேஜர் சார் அந்த மூடியிலேர்ந்து ஒரு தொப்பியை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டார். என் தம்பி அங்க சேர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் தம்பிதான் அதைக் கழட்டினான்னு என்கிட்ட போட்டோ காட்டினார். எழுதியும் கொடுத்தார்."

தையல்காரம்மா ஒரு முறை மேனேஜரைப் பார்த்தாள், ஒரு முறை தம்பியின் பேன்ட் பையைப் பார்த்தாள். தன் கை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். இதெல்லாம் படம், எடிட்டிங், எந்த நேரத்தில் எது எடுத்தது என்று யார் கண்டது என்றார். அந்த நிமிடம் மட்டும் சுத்தம் செய்யக் கழற்றி மாட்டியிருக்கலாம் என்றார். பிறகு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு பெரியவங்க சும்மா சொல்லல" என்றார்.

"தீர விசாரிச்சது நீங்கதானே?" என்றார் எக்ஸ்ரே சார். குரல் உயரவே இல்லை.

மேனேஜர் டீக்கப்பின் காதைத் திருகினார். பிறகு வேறு குரலில் பேச ஆரம்பித்தார். உற்பத்திப் பிரிவு வேறு, என் பிரிவு வேறு, மெஷினில் எது இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, மேலே இருந்து என்ன எழுதச் சொன்னார்களோ அதைத்தான் எழுதினேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்றார்.

"தொப்பியையும் மேல இருந்துதான் மாட்டச் சொன்னாங்களா சார்?" என்று கேட்டாள் டிரைவரம்மா. "பழக்கூடை யார் சொல்லி வந்துச்சு? என் பக்கத்துல உக்காந்து கண்ணைக் கசக்கினீங்களே, அது எந்தப் பிரிவு?"

படம் எடுத்த பெண் இதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் மெதுவாக, இன்னொன்று சொல்ல வேண்டும் என்றாள். மூன்று நாள் காலையில் படம் பிடித்ததாகவும், மூன்று நாளும் மூடி ஆணியில்தான் தொங்கியது என்றும், அது என்ன என்று வழுக்கைத் தலைக்காரரிடம் கேட்டதாகவும் சொன்னாள். தினம் இத்தனை ரொட்டி என்று அளவை ஏற்றிய நாளிலேயே மூடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், சுவிட்சில் கம்பி கட்டி மெஷினை ஏமாற்றி வைத்திருக்கிறோம் என்று அந்த ஆள் கேமராவுக்கு முன்னாலேயே சொன்னாராம்.

"அது படத்துல எங்கம்மா?" என்றாள் டிரைவரம்மா.

மெஷின் சத்தம் அதிகமாக இருந்தது, குரல் தெளிவாக இல்லை, படத்தின் அமைதியைக் கெடுத்தது, அதனால் வெட்டிவிட்டேன் என்றாள் பெண். சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

டிரைவரம்மாவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் பார்த்துவிட்டுப் பொய் எழுதினான். ஒருத்தி பார்த்துவிட்டு அழகு போதும் என்று உண்மையைக் கத்தரித்து எறிந்தாள். அந்தச் சத்தம் உன் காதுக்கு உறுத்தியது, அதே சத்தத்துக்குள் கையை விட்டவனைப் பார் என்று தம்பியின் பக்கம் கையை நீட்டிக் கத்தினாள். தம்பி தரையைப் பார்த்தான். வெட்டியதை எறியவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, முழுவதையும் நாளைக்கே தருகிறேன், எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன் என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள் டிரைவரம்மா.

எக்ஸ்ரே சார் பையிலிருந்து கிளப் நோட்டை எடுத்தார். இரண்டாவது சுற்று இன்றைக்கு இல்லை என்றார். ரொட்டிப் படத்தில் அவரவர் பார்த்ததை மட்டும் சொல்லச் சொல்லித் தன் கையாலேயே எழுதினார். வட்டக் கம்பி மூடி, இரண்டு கீல், ஆணி, பொருக்கு, தொப்பி, திறந்த மெஷின். ஒரு தோணுது, ஒரு போல இல்லை. மேனேஜரைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தூங்கிய மருந்துக்கடைக்காரர், ரொட்டிப் படத்துக்கு முழித்துவிட்டேன் சார், சத்தியமாக என்று கேட்டு வாங்கிப் போட்டார். முப்பது வருடம் அறிக்கை எழுதிய மனுஷரின் எழுத்து, அச்சடித்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கியதும் மேனேஜர் பழக்கத்தில் வேன் பக்கம் வந்தார். "என் வண்டியில உங்களுக்கு இடமில்ல சார்" என்றாள். சாலையை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். யாரும் நல்லது, போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

எல்லாரும் ஏறிவிட்டார்கள். தம்பி மட்டும் வேனுக்குப் பின்னால் நின்றான். டிரைவரம்மா அவனிடம் வந்தாள். அவளுக்கு வார்த்தை வாயில் நிற்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்கப் போகிறேன், பிறகு தொழிலாளர் ஆபீஸ், பிறகு வக்கீல், அந்த ஒரு வரியை அவன் கையாலேயே அடிக்கவைக்காமல் விடமாட்டேன், உன்னைத் திருப்பி அனுப்பிய மூன்று இடத்துக்கும் இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், இப்படிப் பச்சைப் பொய் எழுதியிருக்கிறானே பாவி, உனக்கு வயிறு எரியவில்லையா, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுடா என்றாள்.

"அவர் எழுதினது எனக்குப் பெரிசா வலிக்கலக்கா" என்றான் தம்பி.

"என்னடா சொல்றே?"

"அவர் கம்பெனி ஆளு. கம்பெனியைத்தான் காப்பாத்துவார். நான் மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல உன்கிட்ட சொன்னேன். நீ என்ன பண்ணினே? வராந்தாவுல இருந்தவரை உள்ள கூப்பிட்டு, என் கட்டில் பக்கத்துலயே நிக்கவெச்சு, இவன் சொல்றது நிஜமா சார்னு கேட்டே. அவர் இல்லைன்னு தலையை ஆட்டினார். நீ என் பக்கம் திரும்பவே இல்ல."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் திருப்பிக் கத்தியிருப்பாள், அதில் எப்படியாவது தப்பித்திருப்பாள். அவருக்குப் போட்டோ இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். எந்தப் போட்டோ? தரையில் கிடந்த மூடியின் போட்டோ. யார் கழற்றினார்கள் என்று அதில் எங்கே இருந்தது? ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள், பென்சிலைத் திருடிவிட்டான் என்று ஒரு பிள்ளை சொன்னால் மற்றப் பிள்ளையையும் கேட்காமல் விடமாட்டாள். சொந்தத் தம்பியைக் கேட்கவில்லை. கோபம் மேனேஜரை விட்டு, படம் எடுத்தவளை விட்டு, சுற்றி வந்து அவள் மடியிலேயே விழுந்தது. அதைத் தூக்கி எறிய வேறு இடமில்லை.

"இப்பவும் படம் சொன்னதாலதான நம்புற" என்றான் தம்பி. பைக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பொண்ணு கேமரா எடுத்துக்கிட்டு அங்க போகாம இருந்திருந்தா?"

வேன் ஜன்னலில் பத்து முகங்கள் வேறு எங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தன. நம்பியிருப்பேன்டா, என்றைக்காவது ஒருநாள் நம்பியிருப்பேன் என்று சொல்லலாம். அக்காமார்கள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும். அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவுமில்லை, அவன் துடைக்கச் சொல்லவுமில்லை.

"சாகிறவரைக்கும்?" என்று கேட்டான்.

"சாகிறவரைக்கும்டா. தட்டு விழுந்தப்பல்லாம் சொல்லிக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். பிறகு, "சரி, வண்டியை எடு. அவங்கல்லாம் வீட்டுக்குப் போகணும்" என்றான். வரும்போது அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன், பின் கதவைத் திறந்து எக்ஸ்ரே சாருக்குப் பக்கத்திலிருந்த குட்டி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.